அம்மாவின் முழங்காலுக்குக் காந்த உறை போடலாமா?

கேள்வி இது: அம்மாவுக்கு 62 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். சொந்தக்காரர் ஒருவர் காந்தம் வைத்துத் தைத்த முழங்கால் உறையைக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லட்ச ரூபாய்க்குக் காந்தப் படுக்கையும் வாங்கச் சொல்கிறார். வலி மட்டுமல்ல, சர்க்கரையும் பிரஷரும்கூட இறங்கிவிடுமாம். அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. படுக்கை வாங்கலாமா? உறையையாவது போட்டுப் பார்க்கலாமா?

படுக்கை வேண்டாம். அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கும் வீட்டில் அதை இலவசமாகக் கொடுத்தாலும் விரிக்கக் கூடாது. உறையை அம்மா போட்டுப் பார்க்கலாம்; ஆனால் அதில் கிடைக்கும் சுகம் பெரும்பாலும் உறையினுடையது, காந்தத்தினுடையது அல்ல. ஏன் என்பதை விளக்குகிறேன். காந்தம் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கும் வழியும் கீழே இருக்கிறது.

பேஸ்மேக்கரிலிருந்து தொடங்குவோம், அதுதான் அவசரம். அந்தக் கருவிக்குள் காந்தத்தை உணரும் சின்ன ஸ்விட்ச் ஒன்றை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். பரிசோதனையின்போதோ ஆபரேஷன் நேரத்திலோ டாக்டர் நெஞ்சின் மேல் ஒரு காந்தத்தை வைத்தால், இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிப்பதைக் கருவி விட்டுவிடும். ஒரே சீரான வேகத்தில் துடிப்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். காந்தத்தை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். டாக்டர் கையில் இது வசதி. தூக்கத்தில், யாரும் பார்க்காத நேரத்தில் நடந்தால் ஆபத்து. இதயத் துடிப்பு தாறுமாறானால் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி என்ற கருவியில் இன்னும் மோசம்: பக்கத்தில் காந்தம் இருக்கும்வரை பொதுவாக அது அதிர்ச்சியே கொடுக்காது. இந்த ஸ்விட்ச் விழுவதற்கு 10 காஸ் (காந்தப் புலத்தை அளக்கும் அலகு, விளக்கம் கீழே) அளவு புலம் போதும். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021இல் காந்தம் வைத்த கைபேசிகளைக்கூட இத்தகைய கருவிகளிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொன்னது இதனால்தான்.

ஆகவே அம்மா முழங்காலில் உறை போட்டுக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்காருவதில் பிரச்சினை இல்லை. அதைக் கழற்றி அப்பாவின் சட்டைப் பையில் வைப்பது, அவர் குப்புறப் படுக்கும் மெத்தையில் காந்தம் இருப்பது, காந்தத் தலையணை, காந்தம் கோத்த கழுத்து மாலை, இவைதான் கூடாது. இன்சுலின் பம்ப், காது கேட்பதற்காகப் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட், மூளை நீரை வடிக்க வைக்கும் ஷன்ட் வால்வு வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஷன்ட் வால்வுகளில் சில வகைகளை டாக்டர் வெளியிலிருந்து காந்தத்தால்தான் திருகி அளவு வைக்கிறார்; வீட்டுக் காந்தம் அந்த அளவைக் கலைத்துவிடலாம்.

இனி காஸ் கணக்கு. விற்பவர் வாயில் அதிகம் வரும் சொல் இதுதான். காஸ் என்பது காந்தப் புலத்தின் அளவு. 10,000 காஸ் சேர்ந்தால் 1 டெஸ்லா. நம்மைச் சுற்றியுள்ள பூமியின் காந்தப் புலம் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 0.4 காஸ். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தம் 50 முதல் 100 காஸ். ஸ்கேன் சென்டர் எம்.ஆர்.ஐ. இயந்திரம் 15,000 அல்லது 30,000 காஸ். இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி ஏமாற்று புரிந்துவிடும்.

உறையின் அட்டையில் "12,000 காஸ்" என்று போட்டிருக்கும். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. நியோடிமியம் காந்தப் பொருளின் உள்ளே தங்கும் காந்தத் தன்மைக்கு அந்த எண் உண்டு. ஆனால் சின்ன வில்லையாக வெட்டியபின் அதன் முகப்பில் அவ்வளவு கிடைக்காது. 10 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள சாதாரண ரக வில்லையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், முகப்பின் நடுவில் சுமார் 2,200 காஸ் வரும். அதிலிருந்து 5 மில்லிமீட்டர் விலகினால் 640. ஒரு சென்டிமீட்டரில் 170. இரண்டு சென்டிமீட்டரில் 30. மூன்றில் 10. ஐந்தில் 2. விளக்கின் வெளிச்சம் தூரத்தில் மங்குவதைவிட வேகமாகக் காந்தம் மங்கும். சற்று விலகிவிட்டால், தூரம் இரண்டு மடங்காகும்போது புலம் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது.

முழங்காலில் தேய்ந்திருக்கும் குருத்தெலும்பின் பெரும்பகுதி தோலிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டராவது உள்ளே இருக்கிறது. உறையின் துணி வேறு நடுவில். ஆக 12,000 என்று எழுதியது போய்ச் சேரும்போது 10, 20 காஸ். இடுப்பு வலிக்குப் பெல்ட் போட்டால் முதுகெலும்பு வட்டு ஐந்து சென்டிமீட்டருக்கும் ஆழத்தில்; அங்கே ஒன்றிரண்டு காஸ்தான். வேடிக்கை என்னவென்றால், மூட்டுக்குள் ஒன்றும் செய்யாத அதே 10 காஸ், பேஸ்மேக்கர் ஸ்விட்சைத் தட்டிவிடப் போதுமானது. கருவியை அதற்கென்றே செய்திருக்கிறார்கள்; குருத்தெலும்பில் அப்படி ஸ்விட்ச் எதுவும் இல்லை.

படுக்கையில் இது இன்னும் மோசம். பெரும்பாலும் கறுப்பு ஃபெரைட் வில்லைகளை ஸ்பாஞ்சுக்குள் பதித்திருப்பார்கள். 20 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஃபெரைட் வில்லையின் முகப்பில் 850 காஸ் அளவு இருக்கும். மேலே மூன்று சென்டிமீட்டர் ஸ்பாஞ்ச் இருந்தால் தோலைத் தொடும்போது 24. முதுகுக்குள் இன்னும் ஐந்து சென்டிமீட்டர் போனால் 2 காஸுக்கும் கீழே. பக்கத்துப் பக்கத்து வில்லைகளின் துருவங்களை மாற்றி மாற்றி வைத்திருந்தால் ஒன்றையொன்று அடித்து அதுவும் மிஞ்சாது. கையில் சின்ன குண்டூசியை எடுத்துக்கொண்டு போய் மெத்தையின் மேல் உறையில் வைத்துப் பாருங்கள். பல படுக்கைகளில் குண்டூசி அசையக்கூடச் செய்யாது.

வளையும் ரப்பர்க் காந்தப் பட்டை வைத்த உறை என்றால் வேறொரு சோதனை. ஒரு காந்தத்தைப் பாலிதீன் பைக்குள் போட்டு மணலில் துழாவினால் கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். பையை உள்புறம் வெளியாகத் திருப்பினால் துகள் தனியாக விழும். உறையின் பட்டை மேல் வெள்ளைத் தாளை வைத்து, அந்தத் துகளைத் தூவித் தாளை விரலால் லேசாகத் தட்டுங்கள். துகள்கள் கோடு கோடாக நிற்கும். கோட்டுக்குக் கோடு 3 மில்லிமீட்டர் இடைவெளி என்றால், பட்டையிலிருந்து 3 மில்லிமீட்டர் மேலே போனதுமே புலம் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதாவது துணியையும் தோலையும் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். இப்படிப் பல துருவம் வைத்தால் இரும்பில் நன்றாக ஒட்டும். ஒட்டுவதைக் காட்டித்தான் விற்கிறார்கள்.

"ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது" என்பது அடுத்த வாதம். உடலில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்பு. அதில் பெரும்பங்கு ஹீமோகுளோபினில். ஆனால் அது ஆணி இரும்பு மாதிரி இல்லை. ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு பெரிய மூலக்கூறுக்குள் தனித்தனியாகக் கட்டுண்டு கிடக்கிறது. 1936இல் வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் அளந்து காட்டியது: ஆக்சிஜன் ஏற்றிய ரத்தத்தைக் காந்தம் மிக லேசாக விலக்குகிறது, ஆக்சிஜன் இறக்கிய ரத்தத்தை மிக லேசாக ஈர்க்கிறது. இரண்டுமே நுண்ணிய கருவி இல்லாமல் தெரியாத அளவு. காந்தம் ரத்தத்தை நிஜமாக இழுக்குமென்றால் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்தவர் பிழைத்து வெளியே வர முடியாது. அதே முழங்கால் வலிக்காக ஸ்கேன் எடுக்கப் போனவர்கள் 15,000 காஸுக்குள் அரைமணி நேரம் படுத்திருந்துவிட்டு, போன வலியோடேதான் திரும்பி வருகிறார்கள். இதற்கு எந்த விற்பனையாளரும் பதில் வைத்திருப்பதில்லை.

இதோடு ஒட்டி வரும் இன்னொன்று, சித்தர்கள் காந்தத்தைப் பயன்படுத்தினார்கள் என்பது. பயன்படுத்தினார்கள்தான். சித்த மருத்துவத்தில் காந்தச் செந்தூரம் உண்டு. அது காந்தக் கல்லைச் சுத்தி செய்து, புடம் போட்டு, பொடியாக்கி உள்ளுக்குக் கொடுக்கும் இரும்பு மருந்து, ரத்தசோகைக்குத் தருவது. மூட்டின் மேல் காந்தத்தைக் கட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தம் பெயரில் மட்டும். "மரணம் வடக்கு" என்று பாட்டி சொன்னதைப் பிடித்துக்கொண்டு பூமியின் காந்தத்தைப் பேசுபவர்களிடம் ஒன்று கேட்கலாம்: எந்தத் திசையில் தலை வைத்தாலும் 0.4 காஸ்தானே?

இங்கே ஒரு நியாயமான குழப்பம் உண்டு. மருத்துவத்தில் காந்தப் புலத்தைச் சிகிச்சைக்குப் பயன்படுத்துவது நிஜம். ஒட்டாத எலும்பு முறிவுகளுக்குத் துடிக்கும் மின்காந்தப் புலத்தைக் கொடுக்கும் கருவிக்கு அமெரிக்காவில் 1979இலேயே அனுமதி கிடைத்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு 1985இல் தலைக்கு வெளியே கம்பிச் சுருளை வைத்து மூளையைத் தூண்டிக் காட்டியது. அதன் வழிவந்த கருவிக்கு மனச்சோர்வுச் சிகிச்சைக்காக 2008இல் அனுமதி. ஆனால் இவை எல்லாவற்றிலும் புலம் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறும் புலம்தான் உடலுக்குள் மின்னோட்டத்தை உண்டாக்கும். பள்ளியில் படித்த ஃபாரடே விதிதான். அசையாமல் கட்டியிருக்கும் காந்த வில்லை அதைச் செய்யாது. ஓரிடத்தில் நிலையாக நிற்கும் புலம் சூடும் உண்டாக்காது. உறை போட்டதும் கதகதப்பாக இருந்தால் அது துணி அடைத்துவைத்த உடல் சூடு.

விற்பவரின் துண்டறிக்கையில் "ஆராய்ச்சி நிரூபித்தது" என்று இருக்கும் இடத்தில் பார்த்தால், மாறும் புலத்துக்கான ஆய்வை எடுத்து அசையாத வில்லைக்கு ஒட்டியிருப்பார்கள். ஃபிசியோதெரபி நிலையத்தில் வளையத்துக்குள் காலை வைக்கச் சொல்லிக் கொடுக்கும் மேக்னடோ தெரபி மாறும் புல வகை. மூட்டுத் தேய்மானத்துக்கு அதன் பலன் பற்றிய ஆய்வுகள் சிறியவை, முடிவுகள் முன்னுக்குப் பின். உடற்பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் மறுக்க வேண்டியதில்லை. அது மட்டும் போதும் என்று பத்து அமர்வுக்குப் பணம் கேட்டால் யோசிக்கவும்.

அசையாத காந்தத்தை வைத்து நடந்த ஆய்வுகள் எவ்வளவோ உண்டு. மிக நம்பிக்கை தந்தது 1997இல் ஹூஸ்டன் பேலர் மருத்துவக் கல்லூரியில் நடந்தது: போலியோவுக்குப் பிந்தைய வலி உள்ள 50 பேரில், நிஜக் காந்தம் வைத்தவர்களில் 76 சதவீதம் பேர் வலி குறைந்தது என்றார்கள், போலி வைத்தவர்களில் 19 சதவீதம். காந்தம் விற்பவர்கள் இன்றும் காட்டுவது இதைத்தான். ஆனால் அதற்குப் பின் 2000இல் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 20 பேரிடம் செய்த சோதனையில் வித்தியாசம் எதுவும் வரவில்லை. 2003இல் மேயோ கிளினிக்கில் குதிகால் வலி உள்ள 101 பேருக்குக் காந்தப் பாதமட்டையும் போலிப் பாதமட்டையும் கொடுத்து எட்டு வாரம் பார்த்தார்கள். இரண்டு கூட்டத்திலும் ஒரே மாதிரி முன்னேற்றம். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் முடக்கு வாதம் உள்ள 70 பேருக்குக் காந்தப் பட்டை, பலம் குறைத்த காந்தப் பட்டை, காந்தமே இல்லாத பட்டை, செப்பு வளையல் என்று ஐந்து ஐந்து வாரம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். எதற்கும் எதற்கும் பேதம் இல்லை.

2004இல் வந்த இன்னொரு ஆங்கிலேய ஆய்வைத் தனியாகச் சொல்ல வேண்டும், அதில்தான் பாடம் இருக்கிறது. இடுப்பு மூட்டு, முழங்கால் தேய்மானம் உள்ள 194 பேருக்கு மணிக்கட்டில் காந்த வளையம். 12 வாரத்தில் பலமான காந்தம் போட்டவர்களுக்கு வலி சற்றுக் கூடுதலாகவே குறைந்தது. மணிக்கட்டில் கட்டிய காந்தத்தின் புலம் முழங்காலுக்கு எப்படிப் போகும்? போகாது. ஆனால் நிஜக் காந்தம் போட்டவர் சாவிக்கொத்தை எடுத்தாலே கண்டுபிடித்துவிடுவார். தன்னிடம் இருப்பது அசல் என்று தெரிந்தவருக்கு வலி குறைந்ததாகத் தோன்றுவது இயல்பு. அந்தக் குழுவே இந்தச் சந்தேகத்தை எழுதியிருக்கிறது. காந்தச் சோதனைகளில் எப்போதும் இடறுவது இந்த இடம்தான்.

இதனால்தான் வீட்டில் போட்டுப் பார்த்து "எனக்குக் கேட்டது" என்று சொல்வதை வைத்து முடிவுக்கு வர முடியாது. மூட்டு வலி ஏறி இறங்கும். மிக மோசமான வாரத்தில்தான் ஒருவர் பணம் கொடுத்து உறை வாங்குகிறார். அடுத்த வாரம் எப்படியும் கொஞ்சம் இறங்கும். உறை கதகதப்பைக் கொடுக்கும், மூட்டு ஆடாமல் பிடிக்கும், கவனமாக நடக்க வைக்கும். பெற்ற பிள்ளை வாங்கிக் கொடுத்தது என்ற மனநிறைவும் வலியைக் குறைக்கும். அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை.

உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். உறையிலிருந்து காந்த வில்லைகளைப் பிரித்தெடுங்கள்; பெரும்பாலும் ஓரத்தில் இரண்டு தையல் வெட்டினால் வந்துவிடும். ஒரே துணியில், ஒரே அளவில் இரண்டு சின்னப் பைகள் தையுங்கள். ஒன்றில் காந்தம். மற்றதில் அதே பருமன், அதே எடையில் காந்தம் அல்லாத பொருள். 20 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள நியோடிமியம் வில்லை ஏறத்தாழ 7 கிராம்; இப்போதைய ஒரு ரூபாய்க் காசு இரண்டை டேப் சுற்றி ஒட்டினால் எடையும் தடிமனும் கிட்டத்தட்ட ஒத்துவரும். நடுவில் சின்ன ஓட்டை வைத்து வில்லை வந்திருந்தால் இரும்புக்கடை வாஷர் பொருந்தும். பைகளில் வெளியே குறி எதுவும் வேண்டாம். எது எது என்பதை வீட்டில் ஒருவர் மட்டும் தெரிந்துவைத்திருக்கட்டும். அவர் அம்மாவிடமும் சொல்லக் கூடாது, மதிப்பெண் எழுதுபவரிடமும் சொல்லக் கூடாது.

ஆறு சுற்று, ஒவ்வொன்றும் ஐந்து நாள், மொத்தம் 30 நாள். மூன்று சுற்று காந்தம், மூன்று சுற்று போலி. வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யட்டும். பை மாற்றுபவர் காலையில் உறையைத் தயார் செய்து கொடுக்கட்டும். அம்மா காலையும் இரவும் வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லட்டும். கூடவே நாள்தோறும் ஒரே நேரத்தில், கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிக் குறியுங்கள். அன்று வலி மாத்திரை போட்டாரா, எத்தனை என்றும் எழுதுங்கள். மாத்திரையை விட்டுவிட்டால் கணக்கே குழம்பிவிடும். கெட்டுப்போகும் இடம் மூன்று: இரும்பு பீரோ, கத்தரிக்கோல், சேஃப்டி பின் பக்கம் போனால் பை ஒட்டி ரகசியம் உடையும், மகளிர் சேலை மடிப்பில் குத்தும் ஊக்கு பெரிய காட்டிக்கொடுப்பான். பயிற்சியோ புதிய மருந்தோ நடுவில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கல்யாணம், கோயில் என்று அலைந்த வாரம் வந்தால் அந்தச் சுற்றைத் தள்ளிப் போடுங்கள்.

மாத முடிவில், சீட்டைத் திறப்பதற்கு முன் மூன்று நல்ல சுற்று எவை என்று அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு திறந்து, காந்தச் சுற்றுகளின் சராசரியையும் போலிச் சுற்றுகளின் சராசரியையும் ஒப்பிடுங்கள். 10க்கு 2 புள்ளியாவது வித்தியாசம் இருந்தால்தான் ஒருவருக்கு உபயோகமான மாற்றம் என்று வலி ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு புள்ளிக்கும் குறைவு என்றால் ஒன்றும் இல்லை என்றே கொள்ளுங்கள். இரண்டு வகைச் சுற்றிலும் வலி சமமாகக் குறைந்திருந்தால் உறை உதவுகிறது, காந்தம் உதவவில்லை என்று அர்த்தம். அப்படியானால் மருந்துக்கடையில் காந்தம் இல்லாத சாதாரண முழங்கால் உறை ("நீ கேப்") பாதிக்கும் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

உறை எதுவானாலும் போடும் முறை முக்கியம். முழங்கால் சிப்பிக்கு 10 சென்டிமீட்டர் மேலே தொடையின் சுற்றளவை டேப்பால் அளந்து வாங்குங்கள். போட்டபின் மேல் விளிம்புக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் இரண்டு மூன்று மணி நேரம் போட்டுக் கழற்றட்டும், தூங்கும்போது வேண்டாம். நம் வெயிலில் வியர்வை தேங்கி அரிப்பும் தடிப்பும் வரும். நியோடிமியம் வில்லைகளுக்கு நிக்கல் பூச்சு, நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு அந்த வட்டத்திலேயே சிவந்து கிளம்பும். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்து காலில் உணர்ச்சி மந்தமாக இருந்தால், இறுக்கமான உறைக்கடியில் புண் வந்ததே தெரியாது. கழற்றும்போதெல்லாம் தோலைப் பாருங்கள். பூச்சு உரிந்த வில்லை வியர்வை பட்டுத் துருப்பிடித்துப் பொடியாகும். அதைத் தூக்கிப் போடுங்கள். கொதிநீரில் துவைத்தால், சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேல் காந்தத்தை நிரந்தரமாக இழக்கும். காந்தம் போனாலும் வலியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றால், அதுவும் ஒரு சோதனைதான்.

பேரப்பிள்ளைகள் வரும் வீடு என்றால் பிரிந்து கிடக்கும் வில்லையைப் பற்றிக் கறாராக இருங்கள். குழந்தை ஒரு காந்தத்தை விழுங்கி, பிறகு இன்னொன்றையும் விழுங்கினால், இரண்டும் குடலின் வெவ்வேறு மடிப்பிலிருந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நடுவில் நசுங்கிய குடல் சுவர் ஓட்டையாகும். "காசு விழுங்கினால் தானாக வந்துவிடும்" என்ற அனுபவம் இங்கே செல்லாது. எத்தனை என்று தெரியாவிட்டாலும் உடனே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

காந்த நீர் பற்றி இரண்டே வரி. தண்ணீர் காந்தத்தைச் சேமித்து வைக்காது. காந்தம் அதை லேசாக விலக்கவே செய்யும். நெதர்லாந்தின் நைமேகனில் 1997இல் இயற்பியலாளர் ஆந்த்ரே கைம் ஒரு தவளையைக் காற்றில் மிதக்கவிட்டது இந்த விலக்கத்தால்தான், அதற்கு 16 டெஸ்லா, அதாவது 1,60,000 காஸ் தேவைப்பட்டது. செம்புக்கு அடியில் வில்லையை ஒட்டிய தண்ணீரைக் குடிப்பதால் கெடுதல் இல்லை, வயிறு நிறையும்.

அம்மாவின் மூட்டுக்கு உருப்படியாகச் செய்யக்கூடியது வேறே இருக்கிறது, செலவும் இல்லை. தொடையின் முன்பக்கத் தசை பலமானால் மூட்டின் மேல் சுமை குறையும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் மடக்கி, 10 எண்ணும்வரை பிடித்து இறக்குவது. காலுக்குப் பத்து தடவை, நாளைக்கு இரண்டு வேளை. படுத்துக்கொண்டு மறு காலை மடக்கி, நேரான காலை ஒரு முழம் உயர்த்தி நிறுத்துவது அடுத்தது. முதல் இரண்டு வாரம் தசை வலிக்கும். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும், இங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எடை கூடுதல் என்றால், குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் நடையின் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலுக்கு நாலு கிலோ சுமையைக் குறைக்கும். டைக்ளோஃபினாக் ஜெல்லை டாக்டரிடம் கேட்டுத் தடவலாம். மாத்திரையைவிட வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் தொந்தரவு குறைவு. தவிடோ கல் உப்போ வறுத்துத் துணியில் முடிந்து 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள், முன்னதாக உங்கள் உள்ளங்கை மேல் வைத்துச் சூடு பார்த்துவிட்டு. ஜெல் தடவிய இடத்தில் உடனே ஒத்தடம் வேண்டாம். தரையில் சப்பணமிட்டு உட்காருவதையும் இந்தியன் டாய்லெட்டையும் குறைத்தாலே பாதி வலி போகும் வீடுகள் உண்டு.

மூட்டு சூடாகிச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால், கால் மரத்து மூத்திரம் அடைத்தால், உறை, ஒத்தடம் எதுவும் கூடாது, அன்றே டாக்டர்.

படுக்கையைக் கொண்டுவரும் சொந்தக்காரரிடம் என்ன சொல்வது என்பதுதான் உண்மையில் சிக்கலான பாகம். அவரும் ஏமாந்தவராக இருப்பார். தன் படுக்கைக்குக் கட்டிய பணத்தை இன்னொருவர் தலையில் கட்டினால்தான் மீட்க முடியும் என்ற நிலையில் இருப்பார். காந்த மாலை, காந்த உள்ளாடை என்று முதியவர்களுக்கு லட்சக்கணக்கில் விற்ற ஜப்பான் லைஃப் நிறுவனம் அங்கே 2018இல் திவாலானபோது, சேமிப்பை இழந்தவர்களில் பெரும்பாலானோர் வயதானவர்கள். சர்க்கரை, பிரஷர் போன்ற நோய்களைக் குணமாக்கும் என்று ஒரு பொருளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. ஆள் சேர்த்தால் பணம் என்னும் சங்கிலித் திட்டத்தை 2021இன் நேரடி விற்பனை விதிகள் தடுக்கின்றன. எனவே வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள்: எந்த நோய் குணமாகும், எத்தனை நாளில், ஆகாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணம் தருவார்கள், ஜிஎஸ்டி பில் உண்டா. எழுதித் தர மாட்டார்கள். முன்பணம் ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். சொந்தம் கெடக் கூடாது என்றால் அவரிடம் அப்பாவின் பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டுங்கள். அதற்குமேல் அவரால் பேச முடியாது.